பதினேழாம் எண் படிவம்

நான் படித்த படிப்புக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. டாக்டருக்குப் படிக்கிறான், வக்கீலுக்குப் படிக்கிறான் என்றால் புரியும். பி.காம். முடித்த பிறகும் இரண்டு வருஷம் மெட்ராஸில் உட்கார்ந்து வியாபாரம் படிக்கிறான் என்றால் காரைக்குடியில் சிரித்தார்கள். "வியாபாரத்தப் போயி யாராச்சும் படிப்பாகளா? மீன் குஞ்சுக்கு நீச்சல் பழக்குறதாக்கும்!" என்று எங்கள் தெரு ஆச்சி ஒருவர் என் ஆத்தாவிடமே கேட்டார்.

அதிலும் நான் எடுத்துக்கொண்ட சிறப்புப் பாடம் பன்னாட்டு வணிகம். அப்பச்சி, அதாவது என் தகப்பனார், மட்டும் சிரிக்கவில்லை. "இனிமே கடல் தாண்டணும்னா படிச்சுத்தான் தாண்டணும்" என்றார். அவருக்கு அதைச் சொல்ல உரிமை இருந்தது. பர்மாவில் ஒரு செட்டியார் கடையில் மேலாளாக இருந்தவர். கடை வேறொருவருடையது, நடத்துவது இவர். மூன்று வருஷம் அங்கே, பிறகு சில மாதம் இங்கே. பெண்களும் பிள்ளைகளும் ஊரில்தான் இருக்க வேண்டும், அதுதான் வழக்கம். எனக்கு விவரம் தெரிந்த நாளாக அப்பச்சி என்றால் பிஸ்கட் டின்னோடு வந்து, நான் பழகி முடிப்பதற்குள் கிளம்பிவிடுகிற ஒரு விருந்தாளி. பிறகு அங்கே அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. விருந்தாளி ஒரு தகரப் பெட்டியோடு கப்பலில் வந்து இறங்கி, வீட்டோடு தங்கிவிட்டார். காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதப் போனார்.

வீட்டில் யாரும் அழவில்லை. நானும் அழவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கால் எப்படி இருக்கும், அப்படித்தான் அந்த வருஷங்களில் நான் இருந்தேன். கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலிக்காது.

எங்கள் பாடப்புத்தகம் அமெரிக்காவில் அச்சானது. அதில் கார் கம்பெனிகளும் சோப்புக் கம்பெனிகளும் ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில், போன இடத்து அரசாங்கம் கம்பெனியை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று ஐந்து பக்கம் இருந்தது. விடுதி அறையில் ஒரு மத்தியானம் அதைப் படித்தேன். எங்கள் வீட்டில் நடந்ததுதான் அந்த ஐந்து பக்கமும். எனக்கு வந்த ஒரே யோசனை, இதிலிருந்து பெரிய கேள்வி ஒன்று நிச்சயம் வரும் என்பது. பென்சிலால் அடிக்கோடு போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

இரண்டாம் வருஷம் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். என் பேராசிரியர் நல்ல மனிதர், எதையும் எண்ணிக்கையாகத்தான் பார்ப்பார். "உங்கள் ஊரிலேயே பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் இருக்கிறார்களே, குறைந்தது இருபது பேரைப் பேட்டி எடுத்து வாருங்கள்" என்றார். கேள்விப் படிவம் ஆங்கிலத்தில் தயாரானது. மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை. கீழே இரண்டு வரி: தரும் விவரங்கள் ரகசியமாக வைக்கப்படும்; கல்வி ஆராய்ச்சிக்கு மட்டுமே பயன்படும். ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் எண். பெயர் எழுத இடமில்லை.

மார்கழி விடுமுறைக்கு அந்தக் கட்டோடு ஊருக்குப் போனேன். அப்பச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு படிவத்தை எடுத்துப் பார்த்தார். ஆங்கிலம் அவருக்குக் கூட்டிக் கூட்டிப் படிக்க வரும். முத்திரையை விரலால் தடவினார்.

"கடைசியில என்னப்பா போட்டிருக்கு?"

"சொல்றதையெல்லாம் ரகசியமா வச்சுக்கிருவாக அப்பச்சி."

"அப்படித்தான் இருக்கணும்" என்று தலையாட்டினார்.

இரண்டாவது வரியை நான் சொல்லவில்லை. வேண்டுமென்று விட்டேன் என்றும் சொல்ல முடியாது. அவர் ஒன்று கேட்டார், நான் ஒன்று சொன்னேன், அதோடு பேச்சு முடிந்துவிட்டது. ஆனால் அப்பச்சியின் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிவு வந்தது. கப்பலிலிருந்து இறங்கியபோது துறைமுகத்தில் ஓர் அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்து, எல்லோரிடமும் நஷ்டஈட்டுக்காக விட்டுவந்த சொத்து விவரம் கேட்டு, இதே மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டாராம். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. அந்தத் தாளின் அடுத்த தாள்தான் இப்போது மகன் கையில் வந்திருக்கிறது என்று அவர் எடுத்துக்கொண்டுவிட்டார். பல்கலைக்கழகம் அவருக்கு ஒரு பெரிய சர்க்கார் ஆபீஸ். அதில் மகன் இருக்கிறான். இதற்கு மேல் என்ன வேண்டும்?

எனக்கு இது தெரிய இரண்டு நாள் ஆனது. அதற்குள் மார்கழி என்றும் பாராமல் நல்ல நாள் பார்த்தாகிவிட்டது. படிவங்களைப் பிள்ளையார் கோயிலில் வைத்து எடுத்து, ஒவ்வொன்றின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியாகிவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்குத் தடவுகிற மாதிரி. முன்கட்டுப் பட்டாலைத் திண்ணையில் ஜமுக்காளம் விரித்து, பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். கோவிலூரிலிருந்து சைக்கிளில் வந்தவர்கள் இருந்தார்கள். இருபது பேர் தேடி எங்கே அலைவது என்று பயந்துகொண்டிருந்த எனக்கு இருபத்தாறு பேர் கிடைத்தார்கள். அதனால்தான் வாயைத் திறக்கவில்லை. ஆய்வுக்கு ஆள் கிடைத்தது, அவர்களுக்கு ஒரு நம்பிக்கை கிடைத்தது, யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். வணிகம் படித்தவன் புத்தி.

அவர்கள் சொன்னதில் பாதிக்குப் படிவத்தில் கட்டம் இல்லை. நான் மூலதனம் கேட்டால் அவர்கள் தேக்குப் பெட்டகம் சொன்னார்கள். நிர்வாக முறை கேட்டால், கடைக்காரர்கள் சேர்ந்து தங்கிய கிட்டங்கியில் யார் யாருக்கு எந்த இடம், முருகனுக்கு எந்தக் கிழமை பூசை என்று சொன்னார்கள். ஒருவர் தாம் நட்ட மாமரத்தை எழுதச் சொல்லி அரைமணி நேரம் மன்றாடினார். எழுதிக்கொண்டேன். "நல்லா வெவரமா எழுதிக்கிருங்க தம்பி, அங்குட்டு டெல்லியில படிக்கிறவுகளுக்கு வெளங்கணுமில்ல" என்றார் அவர். டெல்லி என்ற சொல் வந்த பிறகும் நான் தலையை நிமிர்த்தவில்லை.

பதினேழாம் எண் படிவத்துக்கு உரியவர் அந்தக் கூட்டத்தில் வரவில்லை. அவர் அப்பச்சியின் கடையில் அடுத்தாளாக, அதாவது அப்பச்சிக்கு அடுத்த பொறுப்பில், பதினைந்து வருஷம் இருந்தவர். எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி வீடு. நான் அவரை அண்ணே என்று கூப்பிடுவேன். அவரும் அவர் மனைவியும் மட்டும்தான், பிள்ளை இல்லை. ஒரு மத்தியானம், ஆத்தா சந்தைக்கும் அப்பச்சி கடைக்கும் போயிருந்த நேரமாகப் பார்த்து வந்தார். சொத்துக் கேள்விகளுக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். முடிந்தது என்று நான் பேனாவை மூடியபோது, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, இன்னொண்ணும் எழுதிக்கிரணும். பேரு மட்டும் போட்டுறாதீக."

"பேரே எதுலயும் இல்லண்ணே, சொல்லுங்க."

"அங்குட்டு எனக்கு ஒரு பொம்பளப்பிள்ள இருக்கு. அதோட ஆத்தா பர்மாக்காரி. நான் கப்பலேறயில பிள்ளைக்கு எட்டு வயசு. கூட்டிக்கிட்டு வர விடல. விட்டாலும் நான் எங்க கூட்டியாந்து வைக்க? சொத்து வராட்டிப் போகுது தம்பி. அது எங்க இருக்கு, எப்படி இருக்குன்னு கேட்டு ஒரு வார்த்த எழுதினாகன்னாப் போதும்."

சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, படிவத்தைப் பார்த்தே சொன்னார். நான் படிவத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். 'குடும்பம், ஒரு மகள்.' இதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது என்பதுதான் அன்றைய கவலை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அப்பச்சியிடம் ஜாடையாகக் கேட்டேன். "அது எல்லாத்துக்கும் தெரியும், ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டு அப்பச்சி கை கழுவப் போய்விட்டார்.

மெட்ராஸ் திரும்பியதும் பேராசிரியர் படிவங்களைப் புரட்டினார். மஞ்சள் மூலைகளைப் பார்த்து முகம் சுளித்தார்.

"சாப்பிட்டுக்கொண்டே நிரப்பினீர்களா?"

"ஆமாம் சார், சாம்பார்" என்றேன்.

ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தில், மதிப்பிட முடியாத இழப்புகள் என்ற தலைப்பின் கீழ், ஒருவர் தம் மகளை விட்டுவர நேர்ந்ததாகக் கூறினார் என்று ஒரே ஒரு வாக்கியம் எழுதியிருந்தேன். பேராசிரியர் அதைச் சிவப்பு மையால் அடித்தார். "இருபத்தாறு பேரில் ஒருவர் என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது" என்றார். அவர் சொன்னது சரி. நான் அந்த வாக்கியம் இல்லாமல் தட்டச்சுக்குக் கொடுத்தேன். நீல காலிகோ அட்டை போட்டு, முதுகில் தங்க எழுத்தில் தலைப்பு அச்சடித்து, மூன்று பிரதி கொடுத்தாகிவிட்டது. ஒரு பிரதியை ஊருக்குக் கொண்டுபோனபோது அப்பச்சி அதை வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். தங்க எழுத்தைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

நடந்தது அந்தச் சித்திரையில். வாய்மொழித் தேர்வுக்குப் படிக்க ஊரில் இருந்தேன். காலை பத்து மணி இருக்கும், எங்கள் தெருவில் ஒரு ஜீப் வந்து நின்றது. சாக்கோட்டை யூனியன் ஆபீஸிலிருந்து அம்மை குத்த வந்திருந்தார்கள். முதல் வீடு எங்கள் வீடு. எனக்குக் குத்தினார்கள், ஆத்தாவுக்குக் குத்தினார்கள், ஒரு நோட்டில் வீட்டில் எத்தனை பேர் என்று எழுதிக்கொண்டார்கள். ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் நாலைந்து பேர் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றிருந்தார்கள். ஜீப்பைப் பார்த்துக்கொண்டு நின்ற விதத்திலேயே அவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்தது. விசாரணைக்கு வந்துவிட்டார்கள் என்று நினைக்கிறார்கள். நாலு வீடு தள்ளி அவரும் நின்றிருந்தார். சட்டைப் பொத்தானைத் தப்புத் தப்பாகப் போட்டிருந்தார். பிறகு சட்டென்று உள்ளே போய்விட்டார்.

நான் எழுந்து நாலு வீடு நடந்திருக்கலாம். "அம்மை குத்த வந்திருக்காகண்ணே" என்று மூன்று சொல் சொன்னால் முடிந்தது. செய்யவில்லை. குத்தின கையைத் தேய்க்காமல் வைத்துக்கொண்டு, அந்நியச் செலாவணி பற்றிய குறிப்புகளைப் படிக்க உட்கார்ந்தேன். எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன், அதற்கு ஒரு காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. சோம்பல்கூட இல்லை. எழுந்திருக்க வேண்டும் என்றே தோன்றவில்லை.

அவர் உள்ளே போய் மனைவியிடம் மகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார், பின்னால் அவர் அப்பச்சியிடம் சொல்லி எனக்குத் தெரிந்தது இது. அதிகாரி வந்து நோட்டைப் பிரித்து, முன்கட்டில் நின்று, பர்மாவில் உங்களுக்கு ஒரு மகள் உண்டா என்று உரக்கக் கேட்டு, அப்போதுதான் அவள் தெரிந்துகொள்ள வேண்டுமா, நம் வாயாலேயே சொல்லிவிடுவோம் என்று நினைத்திருக்கிறார். அந்த ஆச்சி பதினைந்து வருஷமாகப் பிள்ளை வேண்டி எல்லாக் கோயிலுக்கும் போனவர். திருக்கோஷ்டியூரில் வேண்டிக்கொண்டு விளக்கு எடுத்துவந்து, வேண்டுதல் பலிக்கும் வரை என்று வீட்டில் அதைப் பூசையில் வைத்திருந்தவர். குறை தன்னிடம்தான் என்று ஊர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு இருந்தவர். ஜீப்காரர்கள் அந்த வீட்டுக்குப் போனபோது, இரண்டு பேரும் பேசாமல் கையை நீட்டி ஊசி குத்திக்கொண்டார்களாம். இதை ஊசி குத்தின அம்மாளே திரும்பி வரும்போது எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துக்கொண்டு சொன்னார். "அந்த வீட்ல ரெண்டு பேருக்கும் ஊசின்னா ரொம்பப் பயம் போல" என்றார்.

மறுநாள் அந்த ஆச்சி நாச்சியாபுரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. வரப்போவதும் இல்லை என்று ஆத்தா சொன்னார். ஆத்தாவுக்கு எதனால் என்று தெரியாது. எனக்குத் தெரியும்.

ஆனியில் தேர்வு முடிவு வந்தது. முதல் வகுப்பு. தந்தியை வாங்கின அப்பச்சி, தெருவெல்லாம் கேட்கும்படி, "மொத வகுப்புல பாஸாகிருச்சு!" என்றார். ஆகிவிட்டான் என்று சொல்லவில்லை. பாஸானது நான் இல்லை, அவர்கள் விண்ணப்பம். சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பேர் தேங்காய் பழத் தட்டோடும் மாலையோடும் வந்தார்கள். மாலையைப் போட்டவர் பதினேழாம் எண்காரர்தான். எல்லோரையும்விட அவர்தான் சந்தோஷமாக இருந்தார். மெலிந்திருந்தார், வேட்டியில் கரித்துணிக் கறை. தாமே சமைத்துச் சாப்பிடுகிறார் என்று பார்த்தாலே தெரிந்தது. குனிந்து மாலையை வாங்கிக்கொண்டேன். சம்பங்கி மாலை, கழுத்தில் ஈரமாக இருந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

மெட்ராஸில் தோல் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. நான் படித்த ஐந்து பக்கம் அங்கே ஒருநாளும் தேவைப்படவில்லை. கப்பல் தேதியும் பெட்டி அளவும்தான் தேவைப்பட்டன. ஊருக்குப் போகும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். "என்ன தம்பி, ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?" நான், "பெரிய ஆபீசு, நாளாகும்" என்பேன். கேட்டவர்களில் இரண்டு பேர் செத்தும் போனார்கள். மற்றவர்கள் கேட்பதைக் குறைத்துக்கொண்டார்கள். பதினேழாம் எண்காரர் கேட்டதே இல்லை. தெருவில் பார்த்தால் சிரிப்பார், அவ்வளவுதான்.

எனக்குக் கல்யாணம் ஆகி, முதல் பிள்ளை பெண்ணாகப் பிறந்தது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு முதல்முறை ஊருக்குப் போயிருந்தபோது, அது அப்பச்சி மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான், அத்தனை வருஷம் கழித்து, எனக்கு வலித்தது. மரத்த கால் உயிர் பெறும்போது குத்துமே, அப்படி. தாங்க முடியாமல் அப்பச்சியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அது விண்ணப்பம் இல்லை, பரீட்சைக்கு எழுதியது, எங்கேயும் போகவில்லை, ஒரு அலமாரியில் இருக்கிறது, அந்த மகளைப் பற்றிய வரி அதில்கூட இல்லை, ஜீப் வந்த அன்று எனக்கு எல்லாம் தெரியும்.

அப்பச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். வெற்றிலையை மடித்தார், வாயில் போடாமல் தட்டிலேயே திரும்ப வைத்தார். பிறகு சொன்னார்.

"எனக்கு இடையிலயே தோணுச்சுப்பா. கேட்டா நீ இல்லைன்டு சொல்லிருவியேன்டு கேக்கல. மத்தவுகள விடு. அவுகல்லாம் போன சாமானத்தத்தான் எழுதிக் கொடுத்தாக. அவன் இருந்த வீட்டையுமில்ல கொடுத்துட்டான். அவன்கிட்ட நீ போய்ச் சொல்லிரு. நான் சொல்ல மாட்டேன்."

உடனே போனேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருந்தது. நாலு வீடுதான். அவர் பின்கட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தார். அவ்வளவு பெரிய வீட்டில் ஓர் ஆள் புழங்குகிற இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் கையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"வாங்க தம்பி, இங்குட்டு வாங்க. பிள்ளைய இன்னும் பாக்க வரல, கோவிச்சுக்கிறாதீக. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னே இருந்தேன், நீங்களே வந்துட்டீக."

நான் சொல்ல வந்ததை முதலில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லுங்கண்ணே என்றேன்.

"அன்னைக்குப் பேரு போட வேணாம்னு சொன்னேன்ல. வீட்டுல அவளுக்குத் தெரியக் கூடாதேன்டு சொன்னது. இப்ப யாருக்குத் தெரிஞ்சா என்ன? இருக்குறது நான் ஒருத்தன். யோசிச்சுப் பாத்தேன், பேரு இல்லாம அங்குட்டு எப்படித் தேடுவாக, பாவம்? தப்பு நம்ம மேலதான். அதான் இத்தன நாளாப் பதிலு வரல. பேரச் சொல்றேன், சேத்து அனுப்பிருங்க. எம் பேரும் சேத்தே போடுங்க, தகப்பன்டு."

மகளின் பெயரைச் சொன்னார். பர்மாப் பெயர், மூன்று சின்னச் சொற்கள். அவர் வாயில் அது வந்த விதத்தில், அவர் அதை அந்த வீட்டுக்குள் ஒருநாளும் சத்தமாகச் சொன்னதில்லை என்று தெரிந்தது. எனக்குப் புரியவில்லையோ என்று இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். பிறகு என் சட்டைப் பையைப் பார்த்தார். அதில் பேனா இருந்தது.

நான் பேனாவை எடுத்து, அவர் கொடுத்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அந்தப் பெயரை எழுதினேன். அதன் கீழே தகப்பன் என்று போட்டு, அவர் பெயரையும் எழுதினேன். சரியாக இருக்கிறதா என்று அவருக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினேன்.